பிரிஜெட் தூக்கிய கை

பிரிஜெட் கை தூக்கினால் அந்தோணியார் லைனில் எல்லோரும் கை தூக்குவார்கள். எதற்கு என்று கேட்பதெல்லாம் பிறகுதான். வேளாங்கண்ணிக்குத் தனி பஸ் பேசலாமா, கொடியேற்றத்துக்கு எந்த நிறத்தில் சேலை எடுக்கலாம், புதிதாக வந்த ஃபாதருக்கு மாலையா சால்வையா, எதுவானாலும் அன்பியக் கூட்டத்தில் முதலில் எழுவது அவள் கை. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கைகள் தாமாக எழும். அன்பியம் என்றால் பெரிய சங்கம் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, டீ குடித்து, கொஞ்சம் வம்பு பேசிக் கலைவது. அதற்கு பிரிஜெட் தலைவி. பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு அதுதான் குடும்பம்.

“எலெக்‌ஷனே வேணாம்பா. இவ கையத் தூக்குனா போதும், நம்ம லைனே ஜெயிச்சிடும்” என்று அவள் புருஷன் நோயல் கிண்டல் செய்வார். அந்தக் கைதான் ஒரு நாள் தப்பான நேரத்தில் எழுந்துவிட்டது.

அந்தோணியார் லைன் பெங்களூரில், ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. முன்பக்கம் பங்களாக்கள். அடுத்து, பங்களாக்களை இடித்துக் கட்டிய அபார்ட்மெண்டுகள். கடைசியில் இவர்கள். பங்களாக்களில் சமைக்கிறவர்கள், அபார்ட்மெண்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள், அங்குள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் மூக்குத் துடைத்துவிடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாகக் காலங்காலமாக அங்கேயே கிடந்தார்கள். பிரிஜெட் நர்சரிப் பள்ளியில் ஆயா. நோயல் பெயிண்டர். தெருவோரம் திறந்த சாக்கடை ஓடியது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அதைத் தாண்டக் குறுக்கே ஒரு கருங்கல் பலகை கிடக்கும்.

பிரிஜெட் வீட்டுக் கல் மட்டும் மற்றவற்றைவிட அகலம். காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, வருஷக்கணக்காக அதற்கு வெள்ளையடித்த உரிமையில் நோயல் அதன் வாசற்கல்லைக் கேட்டு வாங்கிவந்தார். தள்ளுவண்டியிலிருந்து இறக்கும்போது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துபோனது. ரத்தம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, கல் சரியாக உட்கார்ந்ததா என்று அவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்ததை லைனே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அகலக் கல் எதற்கு என்று கேட்டவர்களிடம் நோயல் ஒளிக்கவில்லை. சவப்பெட்டியை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு தடுக்காமல் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டவர்கள் சிரித்து மழுப்புவார்கள். ஆனால் நோயலுக்கு அது வேடிக்கைப் பேச்சில்லை. அவர் வாலிபனாக இருந்தபோது, அல்சூரில் ஒரு வாடகை வீட்டில் குடும்பம் இருந்த காலத்தில், அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிரேதத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டார். மார்ச்சுவரியிலிருந்து நேரே கல்லறைக்குப் போயிற்று அந்தப் பெட்டி. தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைக்கக் கூரை இல்லை. அம்மா தெருவில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு நோயல் வாடகை வீட்டில் காலெடுத்து வைத்ததில்லை. லைனில் சொந்தமாக ஓர் அறையைப் பிடித்து, ஓடு மாற்றி, தரை போட்டு, அகலக் கல்லையும் போட்டார்.

“என்ன எப்ப வேணா எடுக்கட்டும் பிரிஜி. ஆனா என் வாசல்லேர்ந்து எடுக்கணும். அநாதப் பொணம் மாதிரி ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வண்டில ஏத்தி அனுப்பிடாத.”

பெயிண்ட் நெடியும் சுவர் தேய்த்த தூசியும் நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினாலே இரைக்கத் தொடங்கிய பிறகு, இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடச் சொல்ல ஆரம்பித்தார்.

“மொதல்ல சோத்தத் தின்னுங்க. இப்ப யாரும் வண்டி புடிச்சிக்கினு நிக்கல” என்பாள் பிரிஜெட்.

அப்படி இருக்கும்போதுதான் லைனை எடுத்துவிட்டு மாடிக் கட்டிடம் கட்டப்போவதாகச் சேதி வந்தது. ஏதோ ஓர் அரசாங்க ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து வீடுகளை அளந்தார்கள். பிறகு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். திரையில் படம் காட்டினார்கள். படத்தில் கட்டிடம் பளபளவென்று நின்றது. கீழே புல்தரை, ஊஞ்சல், ஊஞ்சலில் ரோஸ் கன்னத்தோடு ஒரு குழந்தை. அந்த மாதிரிக் கன்னத்தோடு லைனில் ஒரு குழந்தையும் பிறந்ததில்லை. ஆனாலும் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

ஆபீசர் நல்ல மனிதர். கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். வழி இரண்டு. பொம்மசந்திரா தாண்டி அரசாங்கம் கட்டிவைத்த அடுக்கு வீடுகள் ஆள் இல்லாமல் நிற்கின்றன. அங்கே போகச் சம்மதிப்பவர்களுக்குச் சாவி உடனே கைக்கு வரும், வீடு அவர்கள் பெயரிலேயே. அது வேண்டாம், இதே மண்ணில்தான் வேண்டும் என்பவர்கள், இங்கே கட்டிடம் எழும்பும்வரை எங்காவது வாடகைக்குப் போகலாம். வாடகைக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவி செய்யும். எழும்பியதும் திரும்பி வந்துவிடலாம்.

முன்வரிசையில் இருந்த ஜூடித் எழுந்தாள். ஜூடித் அடுத்த வீட்டுக்காரி. பங்களா ஒன்றில் சமையல். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் உள்ளதை உள்ளபடி பேசுவாள்.

“கட்டி நிக்கிற வீடு கண்ணுக்குத் தெரியுது சார். கட்டப்போற வீடு படத்துலதான் இருக்கு. எனக்குச் சாவி குடுங்க” என்றாள்.

ஹாலில் முணுமுணுப்பு. பொம்மசந்திரா எங்கே, நம் கோயில் எங்கே? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும். வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? கல்லறையில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பூப் போட யார் வருவார்கள்? பிரிஜெட்டுக்கும் மனசு ஆடியது. ஜூடித் சொல்வது சரி என்று தோன்றியது. கோயிலைவிட்டு எப்படிப் போவது என்றும் தோன்றியது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இரைப்பு அதிகமாகி வீட்டிலேயே படுத்திருந்த நோயல், காலையில் அவள் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: “கட்டிடம் எப்ப எழும்பும்னு கேட்டுட்டு வா. நான் தாங்குவனா மாட்டனான்னு நான் கணக்குப் போட்டுக்குறேன்.”

அதைக் கேட்கத்தான் அவள் கையைத் தூக்கினாள்.

அவள் தூக்கிய அதே நொடியில் ஆபீசர், “சரி, வாடகை உதவி யாருக்கு வேணும்? கை எத்துங்க” என்று சொல்லி வாய் மூடினார். பிரிஜெட்டின் கை மேலே நின்றது. பின்னால் புடவைகள் சரசரத்தன. அவள் திரும்பிப் பார்த்தாள். ஹால் முழுக்கக் கைகள்.

“ஒள்ளேது, ரொம்ப நல்லது! இப்பிடி ஒத்துமையா ஒரு ஏரியா நான் பாத்ததே இல்ல” என்றார் ஆபீசர். யாரோ கைதட்டினார்கள்.

இல்லை சார், நான் கேள்வி கேக்கத்தான் தூக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. இத்தனை பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவேளை எல்லோருக்கும் நிஜமாகவே இதுதான் பிடித்திருக்கிறதோ என்றும் நினைத்தாள். மனிதர்கள் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ள எத்தனை சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்! கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜூடித்தும் இன்னும் சில குடும்பங்களும் சாவிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பிரிஜெட் அக்காவின் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோயல் கேட்டார்: “இன்னா சொன்னாங்க? எப்ப எழும்புமாம்?”

“சீக்கிரமா எழும்பிடுமாம்” என்றாள். அதுதான் முதல் பொய். அந்த வார்த்தையின் பேரில்தான் நோயல் மறுபடி வாடகை வீட்டுக்குப் போகச் சம்மதித்தார்.

வாடகை உதவி என்று ஒன்று வந்தால் வாடகை வீடும் கூடவே வந்துவிடும் என்று அந்த ஆபீஸில் யாரோ நம்பியிருக்க வேண்டும். பெங்களூரில் வீடு தேடிப் பார்க்காத ஆளாகத்தான் இருப்பார். இங்கே வாடகைக்கு முன்னால் அட்வான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பத்து மாத வாடகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் வைத்தால்தான் சாவியைக் கண்ணில் காட்டுவார்கள். அரசாங்கம் கொடுப்பது மாத வாடகை. அட்வான்ஸுக்கு எங்கே போவது? ஃப்ரேசர் டவுனில் கேட்டார்கள், காக்ஸ் டவுனில் கேட்டார்கள், லிங்கராஜபுரத்தில் கேட்டார்கள். கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு கோழிக்கூடுகூட அகப்படவில்லை. கோயிலை விடக் கூடாது என்று வாடகையைத் தேர்ந்தெடுத்தவர்கள், கடைசியில் கோயிலைவிட்டு ஆளுக்கொரு மூலையாகச் சிதறினார்கள். இரண்டு குடும்பங்கள் பொம்மசந்திராவுக்கே வாடகைக்குப் போனதுதான் கொடுமை. ஜூடித்தின் சொந்த வீட்டுக்கு அடுத்த தெருவில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள்.

பிரிஜெட்டுக்கு, கடன் வாங்கிய அட்வான்ஸில், ஹொரமாவு பக்கம் மாடியில் ஓர் அறை அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் பெயர் காந்தா. புருஷன் போனபின் மாடி வாடகையில்தான் காலம் தள்ளுகிறவள். கன்னடக்காரி, ஆனால் தமிழ் நன்றாக வரும். நோயல் இரைத்துக்கொண்டு படியேறியதைப் பார்த்து, “யஜமானருக்கு என்ன?” என்று கேட்டாள்.

“சும்மா தூசி அலர்ஜிம்மா” என்றாள் பிரிஜெட். காந்தா நம்பினாளோ இல்லையோ, சாவியைக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இயேசுவின் திருஇருதயப் படத்தை மாட்ட இடமில்லாமல் போயிற்று. கல்யாணத்தன்று ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த படம். அதைத் துணிப்பெட்டியின் மேல் சுவரோரம் சாய்த்து வைத்தாள். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டும். நோயல்தான் அவளைச் சிரிக்க வைத்தார்.

“அழாத பிரிஜி. யேசுசாமிக்கு ஆணி வேணாம்னு சொன்ன மொத ஆளு இந்த காந்தம்மாதான். அவருக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்.”

முதலில் உதவி ஒழுங்காக வந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு ஆபீசர் மாற்றலாகிப் போனார், புது ஆபீசர் பைல் பார்க்கணும் என்றார். வாடகை மட்டும் தவறாமல் ஏறியது. பிரிஜெட் பள்ளிக்கூட வேலை முடிந்து ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் ஒப்புக்கொண்டாள். அன்பியம் போனுக்குள் போயிற்று. ஆளுக்கொரு மூலையிலிருந்து போனில் ஜெபமாலை சொன்னார்கள். ஒருவர் அருள்நிறை மரியே சொல்லும்போது இன்னொருவர் வீட்டுக் குக்கர் கத்தும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பிரிஜெட் எதற்கும் கை தூக்கியதில்லை. பஸ்ஸை நிறுத்தக்கூடத் தூக்கமாட்டாள். முகத்தைப் பார்த்து நிறுத்தினால் ஏறுவாள், இல்லாவிட்டால் அடுத்த பஸ்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் லைனைத் தாண்டித்தான் போக வேண்டும். வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, சுற்றிலும் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தின் மேல் அந்தப் படம். ஊஞ்சல் குழந்தையின் ரோஸ் கன்னம் வெயிலில் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. உள்ளே எருக்கஞ்செடி தகரத்துக்கு மேல் தலை நீட்டியது. சாக்கடை மட்டும் தகரத்துக்கு வெளியே முன்போலவே ஓடியது. அதன் மேல் நோயலின் அகலக் கல்லும் இருந்தது. வீட்டை இடித்தவர்களுக்குச் சாக்கடைமேல் உரிமை இல்லை போலும். தெருவிலிருந்து அந்தக் கல்லில் ஏறினால் இரண்டடியில் தகரம் மூக்கில் இடிக்கும்.

சாயங்காலம் நோயல் கேட்பார்: “எழும்பிச்சா?”

“அஸ்திவாரம் தோண்டுறாங்க.”

ஒரு பொய் சொன்னால் போதும், அது தானாக வளரும் என்பார்கள். இந்தப் பொய் மாடி மாடியாக வளர்ந்தது. தூண் எழுப்பினாள். தளம் போட்டாள். மழை வந்தபோது வேலையை நிறுத்தி வைத்தாள். சந்தேகம் வராமல் இருக்க வேண்டுமே. செங்கல் அடுக்கினாள், பூசினாள். நோயல் படுக்கையில் கிடந்தபடி, “பூசினது நல்லா காயணும். ஈரத்துல ப்ரைமர் அடிச்சானுங்கன்னா உப்புப் பூத்துடும், சொல்லி வை” என்பார். சொல்லிட்டேன் என்பாள். சமையல் மூலைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

தாங்க முடியாமல் ஒரு நாள் ஜூடித்தைத் தேடிப் போனாள். இரண்டு பஸ் மாறி, பிறகு புழுதியில் நடந்து போனாள். நாலாவது மாடி. குடிவந்த நாள் முதலாக லிஃப்ட் ஓடவில்லையாம். தண்ணீர் லாரியில் வந்தது. குடம் குடமாகப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஜூடித் இளைத்துப் போயிருந்தாள். பங்களா வேலை போய்விட்டது. கம்பெனிகளில் கூட்டிப் பெருக்குகிறாள்.

“சொர்க்கம்னு நெனச்சிக்கினு வந்தியா? பாத்ரூம் சுவத்துல கைய வெச்சா சிமெண்டு கையோட வருது. கோயில் எந்தப் பக்கம்னே மறந்து போச்சு” என்றாள். ஆனால் சுவரில் திருஇருதயப் படம் ஆணியில் தொங்கியது. பிரிஜெட் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜூடித், அன்னிக்கு நான் வாடகைக்குன்னு கை தூக்கலடி. கேள்வி கேக்கத்தான் தூக்குனேன். கட்டிடம் எப்ப எழும்பும்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு அவரு.”

ஜூடித் முதலில் சிரித்துவிட்டாள். அடக்கமாட்டாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கேயோ உடைந்து, பிரிஜெட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அய்யோ அக்கா. ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

பிரிஜெட் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நோயலின் உடம்பு மோசமாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, “கட்டிடம்... எந்த மட்டும்... வந்திருக்கு?” என்று கேட்டார்.

“முடிஞ்சிடுச்சிங்க. பெயிண்ட்டுதான் பாக்கி. வெளிய சாம்பக் கலர் அடிக்கப் போறாங்களாம்.”

நோயல் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எத்தனையோ சுவர்களைத் தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று சொன்ன மனிதர்.

“பிரிஜி, சும்மா சொல்றதுதான... கலராச்சும்... நல்லதாச் சொல்லக் கூடாதா?”

அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்? அஸ்திவாரத்திலா, முதல் மாடியிலா? கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மஞ்சளுங்க. இளமஞ்ச. ஜன்னலுக்கு வெள்ள” என்றாள்.

“அது நல்லாருக்கும்” என்றார் நோயல். மறுநாள் காலையில், அவள் காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

அழுவதற்கு நேரமில்லை. காந்தாவுக்கு போன் செய்தாள். காந்தா சேதி கேட்டதும் “அய்யோ தேவரே” என்று அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“பிரிஜெட்டம்மா, தப்பு திள்கோபேடி, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க எனக்கு என் தங்கச்சி மாதிரி. ஆனா பாடி இங்க வேணாம்மா. முந்தி மாடில இருந்த ஒரு அய்யா போனப்ப ரூமு ஒரு வருஷம் பூட்டியே கெடந்துது. சாவு வீடுன்னு யாரும் வரல. அந்த வாடகைதாம்மா எனக்குச் சோறு. காலப் புடிச்சிக் கேக்குறேன்.”

திட்ட வேண்டும் போலிருந்தது பிரிஜெட்டுக்கு. திட்ட வாய் வரவில்லை. காந்தா பொய் சொல்லவில்லை. பொய் சொல்லி வீடு எடுத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபாதர் போனில், “நேரா கோயிலுக்கே கொண்டு வந்துடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். நல்ல மனம்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் ஏற்றி நேரே அனுப்பாதே என்றுதானே ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் கெஞ்சினார்? ஜூடித் அழுதுகொண்டே போனில் கூப்பிட்டாள்.

“எங்க வீட்டுக்குக் கொண்டாக்கா. என் வீடு. எவன் கேப்பான்?”

“அது உன் வாசல்டி. அவருக்கு அவரு வாசல் வேணும்” என்றாள் பிரிஜெட். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. வீடுதான் இல்லை. வாசற்கல் அங்கேயேதான் கிடக்கிறது.

வண்டி அந்தோணியார் லைன் தகரத்தின் முன்னால் வந்து நின்றது. டிரைவர், “இங்க எங்கம்மா வீடு?” என்று கேட்டான். அவள் கல்லைக் காட்டினாள். பெட்டியை இறக்கி அந்தக் கல்லின் மேல் வைத்தார்கள். தலைப்பக்கம் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால்பக்கம் தெருவுக்கு வந்தது. அதற்கு எதிர் அபார்ட்மெண்டின் வாட்ச்மேன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான். திருஇருதயப் படத்தைத் தகரத்தின் மேல் மாட்ட வேண்டும் என்று பிரிஜெட் கேட்டாள். யாரோ ஒரு கல்லால் தகரத்தில் ஆணி அடித்தார்கள். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஊஞ்சல் குழந்தையின் வெளுத்த முகத்துக்குப் பக்கத்தில் படம் தொங்கியது.

லைன்காரர்கள் வரத் தொடங்கினார்கள். லிங்கராஜபுரத்திலிருந்து, கம்மனஹள்ளியிலிருந்து, ராமமூர்த்தி நகரிலிருந்து, பொம்மசந்திராவிலிருந்து. பஸ்ஸில், ஆட்டோவில், கம்பெனி யூனிஃபார்மோடு. வந்தவர்கள் நோயலைப் பார்த்து அழுதார்கள். பிறகு தகரத்தைப் பார்த்து அழுதார்கள். அவரவர் வீடு இருந்த இடத்துக்கு நேரே, அவரவர் வாசற்கல்லின் மேல் போய் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை. சாக்கடை நெடுக, பழைய லைன் பழைய வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. ஜூடித் மட்டும் தன் கல்லுக்குப் போகாமல் பிரிஜெட்டின் பக்கத்தில் நின்றாள். காந்தாவும் வந்தாள். கையில் மல்லிகை மாலையும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியுமாகத் தெருவின் அந்தப் பக்கமே நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரிஜெட் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

யாரும் பிரிஜெட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னால்தான் நாங்கள் இப்படி ஆனோம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். எல்லோரும் பழையபடி பிரிஜெட் அக்கா, பிரிஜெட் அக்கா என்றே கட்டிக்கொண்டார்கள். அதுதான் அவளைக் கொன்றது.

ஃபாதருக்கு உதவியாகக் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்றுக்கு அது நிற்கவில்லை. ஜூடித் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். ஜெபமாலையை அன்பியம்தான் சொன்னது. போனில் கேட்காத குரலில், குக்கர் சத்தம் இல்லாமல், ஒரே வாயாகச் சொன்னது. ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு கார் கொஞ்ச தூரத்திலேயே நின்று, திரும்பிப் போயிற்று.

ஜெபம் முடிந்தது. தீர்த்தம் தெளித்தார்கள். உபதேசியார் கூட்டத்தைப் பார்த்து, “எடுக்கலாமா?” என்று கேட்டார்.

யாரும் அசையவில்லை. தூக்க வேண்டிய நாலு பேரும் பெட்டியின் இரண்டு பக்கமும் குனிந்தவர்கள், குனிந்தபடியே பிரிஜெட்டைப் பார்த்தார்கள். கற்களின் மேல் இருந்தவர்கள் எழுந்து நின்று பிரிஜெட்டைப் பார்த்தார்கள். அவள் சொல்லாமல் லைனில் எது நடந்திருக்கிறது?

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரிஜெட்டின் கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கினால் அவர் போய்விடுவார். தூக்காவிட்டால் இங்கேயே, இந்த வாசலிலேயே, இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. எப்ப எழும்பும் என்று அவர் கேட்டு அனுப்பிய கேள்வி இன்னும் அவள் தொண்டையிலேயே இருந்தது. அதைக் கேட்க வேண்டிய ஆபீசர் எந்த ஊரில் இருக்கிறாரோ. பதிலைக் கேட்டுக் கணக்குப் போட வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

“அக்கா, நீ தூக்குனாத்தான் அவங்க தூக்குவாங்க” என்று ஜூடித் காதோரம் சொன்னாள்.

“எனக்குப் பயமா இருக்குடி.”

“தூக்குக்கா. இந்த வாட்டி தப்பில்ல.”

பிரிஜெட் கையைத் தூக்கினாள். இந்த முறை கேள்வி கேட்பதற்காக அல்ல. நாலு பேரும் பெட்டியைத் தோளுக்கு ஏற்றி, அந்த அகலக் கல்லின் மேல் இரண்டு பக்கமும் தடுக்காமல் நடந்து தெருவில் இறங்கினார்கள்.